கடுகு வெடிக்கும் ஓசை

நாங்கள் இருவர். ஒரே கல்லூரியில் மின்னியல் படித்து, ஒரே ஆண்டில் ஒரே துணைமின் நிலையத்தில் பணிக்குச் சேர்ந்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்திப் பழகியவர்கள். ஆகவே இக்கட்டுரையில் வரும் 'நாங்கள்' என்பது பணிவின் பொருட்டோ பெருமையின் பொருட்டோ வந்த பன்மை அன்று, உண்மையான பன்மை. முன்பு ஒருமுறை ஒரு பொய்யை இருவரும் சேர்ந்தே எழுதினோம். அதனால் இதையும் சேர்ந்தே எழுதுகிறோம்.

1998ஆம் ஆண்டு. ஊரின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டா. 110 கிலோவோல்ட் மின்சாரத்தை 11 கிலோவோல்ட்டாகக் குறைத்து ஊருக்குள் அனுப்பும் சிறிய நிலையம் அது. கருங்கல் ஜல்லி பரப்பிய யார்டின் நடுவே இரண்டு பெரிய மின்மாற்றிகள் இரவும் பகலும் ரீங்கரித்துக்கொண்டு நிற்கும். நமது மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்றுகள் சுற்றுவது. மின்மாற்றியின் இரும்பு உள்ளகமோ ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரிந்து சுருங்குவதால், அதன் ரீங்காரம் நூறு ஹெர்ட்ஸில் ஒலிக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் உறக்கத்திலும் கேட்ட அந்த ஒலி, ஒரு மாதத்தில் எங்கள் செவியை விட்டு மறைந்துபோயிற்று. பழகிய ஒலியைச் செவி கேட்பதில்லை.

கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒருவர் உண்டு. உதவியாளராகப் பணிபுரிந்த பெரியவர். ஓய்வுபெற நான்கு ஆண்டுகள் இருந்தன. அந்திப்பொழுதில் இரண்டடி நீளத் தேக்குக் குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு யார்டைச் சுற்றி வருவார். குச்சியின் ஒரு முனையை மின்மாற்றித் தொட்டியின் அடிப்புறத்தில் ஊன்றி, மறுமுனையைக் காதருகே வைத்துக்கொண்டு கண்களை மூடி நிற்பார். மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைப்பது போல என்று நாங்கள் கேலி பேசியதுண்டு.

ஒருநாள் மாலை கட்டுப்பாட்டு அறைக்கு வந்து சொன்னார்: "சார், ரெண்டாம் நம்பர்ல உள்ளே கடுகு வெடிக்குது."

நாங்கள் சென்று குச்சியைக் காதில் வைத்துப் பார்த்தோம். எங்களுக்குக் கேட்டது ரீங்காரம் மட்டுமே. திரும்பி வந்து பதிவேட்டைப் புரட்டினோம். எண்ணெய் வெப்பநிலை சரி, சுருள் வெப்பநிலை சரி, எண்ணெய் மட்டம் சரி, சிலிக்கா ஜெல்லின் நிறம் நீலம். சென்ற மாதம் எடுத்த மெகர் அளவும் குறைசொல்ல முடியாதது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணே" என்றோம். அவர் ஒன்றும் பேசாமல் குச்சியை மூலையில் சாத்திவிட்டுத் தேநீர் போடப் போனார். அன்றைய பதிவேட்டில் நாங்கள் அதைக் குறிக்கவில்லை. பதிவேட்டில் நேரத்துக்குக் கட்டம் உண்டு, மின்னழுத்தத்துக்கு உண்டு, வெப்பநிலைக்கு உண்டு. கடுகுக்குக் கட்டம் ஏது?

பதினோராம் நாள் இரவு இரண்டு மணியளவில் அதே மின்மாற்றியின் புஷ்ஷிங் வெடித்தது. பீங்கான் சில்லுகள் யார்டெங்கும் சிதறின. அளவு குறித்துக்கொள்ள டார்ச் விளக்கோடு வெளியே சென்றிருந்த பெரியவரின் இடத் தோளில் ஒரு சில்லு ஆழப் பாய்ந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அதன்பின் அவருடைய இடக்கை தோளுக்கு மேலே எழவில்லை.

விசாரணைப் படிவத்தில் ஒரு வினா இருந்தது: விபத்துக்கு முன்னர் வழக்கத்துக்கு மாறான அறிகுறி ஏதேனும் கவனிக்கப்பட்டதா? 'இல்லை' என்று எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். நாங்கள் மேலே குறிப்பிட்ட பொய் இதுதான்.

அவர் கேட்ட ஓசைதான் பதினொரு நாள் கழித்து வெடித்தது என்று நிறுவ எங்களிடம் சான்று எதுவும் இல்லை. சான்று இல்லாமற் போனதற்குக் காரணமே நாங்கள் எழுதாமல் விட்டதுதான். ஆயினும் அந்த வினா எங்களை விடவில்லை. எண்ணெய்க்குள் கடுகு வெடிப்பது எப்படி? அதைத் தேடிப் போனதில்தான் பகுதி மின்னிறக்கம் என்னும் நிகழ்வை, பாடநூலில் படித்து மறந்ததை, மீண்டும் கற்றோம்.

மின்மாற்றியின் செப்புச் சுருள்களைச் சுற்றிக் காகிதம் சுற்றப்பட்டிருக்கும். அட்டைகள் இடையே செருகப்பட்டிருக்கும். இவையெல்லாம் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். காகிதமும் எண்ணெயுமே அந்தப் பெரும் இயந்திரத்தின் உயிரைக் காப்பவை. இரும்புக்கும் செம்புக்கும் எளிதில் மூப்பு வருவதில்லை. காகிதம் நைந்தால் மின்மாற்றியின் ஆயுள் முடிந்தது. அந்தக் காகித அடுக்குகளுக்குள் எங்கேனும் ஒரு சிறு காற்றுக்குமிழி தங்கிவிட்டது என்று கொள்வோம். மின்புலம் குமிழிக்குள் அடர்ந்து விழும். எண்ணெயில் ஊறிய அட்டைக்கு நடுவே தட்டையான குமிழி இருந்தால், சுற்றியுள்ள அட்டையில் இருப்பதைப் போல நான்கு மடங்கு புலம் அதற்குள் இருக்கக்கூடும். காற்றோ அட்டையைவிட வலுக்குறைந்தது. மில்லிமீட்டருக்கு மூன்று கிலோவோல்ட் அளவிலேயே தன்னை இழந்துவிடும். விளைவு, குமிழிக்குள் ஒரு குட்டி மின்னல்.

அந்த மின்னல் இரு முனைகளையும் இணைப்பதில்லை. வழியில் ஒரு சிறு பகுதியை மட்டும் தாண்டி அடங்கிவிடுகிறது. அதனாலேயே அதற்குப் 'பகுதி' மின்னிறக்கம் என்று பெயர். அதன் அளவைப் பிகோகூலும் என்னும் அலகில் சொல்வார்கள்: ஒரு கூலும் மின்னூட்டத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அம்மீட்டருக்கு அது தெரியாது, காப்பு ரிலேவுக்கும் தெரியாது. ஆனால் அது ஒருமுறை நிகழ்ந்து ஓய்வதில்லை. நொடிக்கு நூறு அரைச்சுற்றுகள். ஒரு நாளைக்கு 86 லட்சத்து 40 ஆயிரம். அரைச்சுற்றுக்கு ஒருமுறை என்றாலும், நாளொன்றுக்கு அத்தனை முறை அந்தக் காகிதம் ஓரிடத்திலேயே சுடப்படுகிறது. சுட்ட இடம் கரிகிறது. கரி மின்சாரத்துக்கு வழிவிடுகிறது. வழி கிளைக்கிறது.

கிளைத்த வழியை முதலில் கண்ணால் கண்டவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்துப் பேராசிரியர் லிக்டன்பெர்க். 1777இல் பிசின் தட்டின்மேல் படிந்த தூசி, மின்னூட்டம் பாய்ந்த தடத்தில் விண்மீன்களாகவும் மரக்கிளைகளாகவும் கூடி நிற்பதைக் கண்டார். இலக்கியம் அறிந்த நண்பர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரிந்திருக்கும். தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்த நறுக்குத் தொடர்களுக்காக இன்றும் படிக்கப்படுபவர் அவர். எரிந்துபோன மின்மாற்றியைப் பிரித்து, அட்டையின் மேல் கருத்த மரம் ஒன்று கிளைபரப்பி நிற்பதைப் பார்க்கும் எவருக்கும் லிக்டன்பெர்க்கின் தூசிப் படங்கள் நினைவுக்கு வரும்.

குட்டி மின்னலுக்குக் குட்டி இடியும் உண்டு. மின்னிறக்கம் நிகழும் கணத்தில் சுற்றியுள்ள எண்ணெய் சட்டென்று சூடாகி விரிய, ஓர் அழுத்த அலை புறப்படுகிறது. அதன் ஆற்றலின் பெரும்பகுதி நம் செவிக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. மனிதச் செவி இருபதாயிரம் ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். இதைக் கேட்கச் செய்யப்படும் கருவிகளோ ஒன்றரை லட்சம் ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைக் கவனிப்பவை. நோய் முற்றி மின்னிறக்கம் பெரிதானபின், ஓசையின் தாழ்ந்த பகுதி தொட்டியின் சுவர் வழியே வெளியே கசியும். தேக்குக் குச்சியில் கடுகாகக் கேட்டது அத்தகைய ஓசையாக இருந்திருக்க வேண்டும். அதாவது, அவர் கேட்டபோதே காலம் கடந்திருந்தது. அதற்கும் முன்னரே கேட்க வழியுண்டா என்பதே எங்களுக்கு எஞ்சிய வினா.

வழக்கமான வழி, தொட்டியின் வெளிச்சுவரில் பீசோ உணரிகளை ஒட்டி வைப்பது. எண்ணெயில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் ஓடும். மின்துடிப்பு உடனே தெரிந்துவிடுவதால், அதற்குப் பின் ஒலி வந்து சேர ஒரு மில்லிநொடி ஆனால், மூலம் 1.4 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கணக்கிடலாம். நான்கு இடங்களில் உணரிகளை வைத்தால் இடத்தையே சுட்டிவிடலாம். கேட்க எளிது, செயலில் கடினம். எண்ணெயிலிருந்து இரும்புக்கு மாறும் எல்லையில் ஒலியின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடுகிறது. எஞ்சியதும் எண்ணெயைவிட வேகமாக ஓடும் இரும்புச் சுவர் வழியாகக் குறுக்கே வந்து கணக்கைக் குழப்புகிறது. அப்படியானால் உணரியை உள்ளேயே, சுருளுக்கு அருகிலேயே வைத்தால் என்ன? வைக்கலாகாது. அதன் உலோகமும் கம்பியும் அந்த மின்புலத்தையே குலைத்துவிடும். கேட்கப் போனவனே நெருப்பு மூட்டிய கதையாகும்.

இந்த இடத்தில்தான் கண்ணாடி வருகிறது. 1966இல் இங்கிலாந்தின் ஹார்லோ நகரத்து ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்காமும், கண்ணாடியின் மாசுகளை நீக்கினால் இழை வழியே ஒளியை நெடுந்தொலைவு அனுப்பலாம் என்று காட்டினார்கள். அதற்காகக் காவோவுக்கு 2009இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. தொலைபேசிக்காகப் பிறந்த அந்த இழை வேறொன்றுக்கும் பொருந்திற்று. சிலிக்கா மின்சாரத்தைக் கடத்தாது. மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கே தடிமன். லட்சம் வோல்ட் சூழ்ந்த இடத்திலும் அதில் ஓடும் ஒளியை மின்குறுக்கீடு தொடாது.

அது கேட்கும் முறை எளிமையானது. ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து இரண்டு இழைகளில் அனுப்புகிறோம். ஒன்று எண்ணெய்க்குள் சுருண்டு கிடக்கும். மற்றது வெளியே ஓசைபடாத பெட்டிக்குள் இருக்கும். அழுத்த அலை வந்து தொடும்போது உள்ளே கிடக்கும் இழை மிகமிகச் சிறிதளவு நீள்கிறது. இரண்டு ஒளியையும் மீண்டும் சேர்க்கும்போது அலைகள் ஒன்றோடொன்று படிந்திருந்த விதம் மாறுகிறது. வெளிச்சம் ஏறி இறங்குகிறது. பயன்படுத்தும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 650இல் ஒரு பங்கு; அந்த நீளத்தின் சிறு பின்னமே நமக்கு அளவுகோல். இன்னொரு முறையில், இழையின் முனையில் ஒரு மெல்லிய சிலிக்காச் சவ்வைப் பொருத்திவிடுகிறார்கள். சவ்வு செவிப்பறையாகி அதிர, அதற்கும் இழை முனைக்கும் உள்ள நுண்ணிய இடைவெளியை ஒளி அளந்து சொல்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்முறையில் மின்மாற்றியின் பகுதி மின்னிறக்கத்தைக் கேட்பது பற்றி 2001இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதைப் படித்த அன்று எங்களுக்குத் தேக்குக் குச்சிதான் நினைவுக்கு வந்தது. மரமும் மின்சாரத்தை எளிதில் கடத்தாதது. ஓசையை மட்டும் கடத்துவது.

2011இல் நாங்கள் ஒரு சோதனைக்கூடத்தில் பணிபுரிந்தபோது, இதைச் செய்துபார்க்க வாய்ப்புக் கிடைத்தது. சிறிய இரும்புத் தொட்டி, நிறைய எண்ணெய், நடுவே ஓர் ஊசியும் அதன் எதிரே அட்டை வைத்த தட்டும். அருகில் சில மீட்டர் இழையைச் சுருட்டி மூழ்கவைத்தோம். முதல் மூன்று வாரங்கள் எங்கள் கருவி எல்லாவற்றையும் கேட்டது; மின்னிறக்கத்தை மட்டும் கேட்கவில்லை. கதவு சாத்தினால் கேட்டது. காலடி ஓசை கேட்டது. மின்விசிறி சுழன்றால் கேட்டது. அறையின் வெப்பம் சிறிது மாறினாலே ஒளியின் அலைகள் இடம்பெயர்ந்தன. எல்லாவற்றையும் கேட்கும் செவி ஒன்றையும் கேட்காத செவிக்குச் சமம் என்று அப்போது புரிந்தது. தாழ்ந்த ஒலிகளை வடிகட்டி நீக்கி, வெப்பத்தின் மெதுவான நகர்வைத் தனியே ஈடுசெய்து, மின்துடிப்பு வந்த கணத்தோடு ஒப்பிட்டு, நான்காம் வாரத்தில் திரையில் முதல் அலைத்தொகுதியைப் பார்த்தோம். அரைச்சுற்றுக்கு ஒன்றாக, ஒழுங்காக வந்தது. வெளிச்சுவரில் ஒட்டியிருந்த பீசோ உணரி அப்போது இரைச்சலைத் தவிர வேறெதையும் காட்டவில்லை.

இதனால் எல்லாம் தீர்ந்தது என்று சொல்லமாட்டோம். புதிய மின்மாற்றிகளின் சுருள்களுக்குள் வெப்பநிலை அளக்கும் ஒளியிழைகளை வைத்துக் கட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஓசை கேட்கும் இழைகளோ பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலும் சோதனை முயற்சிகளிலுமே இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் பழைய மின்மாற்றிக்குள் இழையை நுழைப்பது எளிதன்று. நுழைத்தாலும் மழை தொட்டியில் விழும் ஓசையையும், எண்ணெய்ப் பம்பின் அதிர்வையும், டேப் மாற்றியின் தட்டலையும் பிரித்தறிய வேண்டும். எண்ணெயில் கரைந்த ஹைட்ரஜனையும் அசெட்டிலீனையும் அளப்பது போன்ற பழைய சோதனைகளோடு வைத்துப் பார்த்தால்தான் இழை சொல்வதற்குப் பொருள் உண்டு.

அன்று பதிவான ஓசையை நூறு மடங்கு மெதுவாக ஓடவிட்டால் மனிதச் செவிக்கு எட்டிவிடும். 2012 பொங்கல் விடுமுறையில் அதை ஒரு மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு பெரியவரைப் பார்க்கப் போனோம். வேப்பமர நிழலில் கயிற்றுக்கட்டிலில் அமர்ந்திருந்தார். வலக்கையால் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, பழையபடியே கண்களை மூடினார்.

சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "இது கடுகு இல்லை சார். குழாய் ஒழுகுது."

சரியாகச் சொன்னார். நொடியில் நூறில் ஒரு பங்குக்கு ஒருமுறை நிகழ்ந்ததை நூறு மடங்கு மெதுவாக்கினால், நொடிக்கு ஒரு சொட்டு. இது நோயின் தொடக்கம், கடுகாகும் முன்னரே கேட்பதற்காக இந்தக் கருவி என்று விளக்கினோம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அதன்பின் நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னோம்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க சொன்னதை நாங்க எழுதலை. விசாரணையிலயும் சொல்லலை."

"தெரியும் சார். ஆஸ்பத்திரிக்கு வந்து படிச்சுக் காட்டினாங்களே."

"அப்போ நீங்களாவது சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"சொன்னேனே. சத்தத்தை எல்லாம் எழுத இதுல இடம் இல்லைன்னாரு."

அவர் குரலில் வருத்தமோ குற்றச்சாட்டோ இல்லை. உள்ளே திரும்பி மருமகளிடம் காப்பி கொண்டுவரச் சொன்னார். அந்தக் காப்பியைக் குடித்து முடிப்பது எங்களுக்குக் கடினமாக இருந்தது.

தமிழில் கேள்வி என்றால் செவியால் கேட்பது; வினவுவதும் அதுவே. வள்ளுவர் முதற்பொருளில் அதற்கென்று ஓர் அதிகாரமே வைத்தார். கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்து, நாற்பத்திரண்டாவது அதிகாரம். அந்தப் பெரியவர் கேட்டார். கேட்டதை எங்களிடம் கொண்டுவந்தார். எங்கே, எப்போதிலிருந்து, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்று அவரிடம் நாங்கள் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கண்ணாடி இழைக்கு அலைநீளத்தின் பின்னம் வரை கேட்கக் கற்றுக்கொடுத்துவிட்டோம். அது கேட்டதை எழுத ஓர் இடமும், படிக்க ஒருவரும் இல்லையென்றால், 1998இல் தேக்குக் குச்சிக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேரும்.

இப்போது நாங்கள் இருவரும் துணைமின் நிலையங்களுக்குச் சென்று சோதனை செய்து கொடுக்கும் பணியில் இருக்கிறோம். எங்கள் சோதனைப் படிவத்தின் கடைசியில் 'பணியில் இருப்போர் கேட்டதும் கண்டதும்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை வெறுமையாக விட்டு நாங்கள் கையொப்பமிடுவதில்லை. ஒன்றுமில்லை என்றால் யாரைக் கேட்டோம் என்பதையாவது எழுதுவோம். சென்ற மாதம் ஒரு நிலையத்தில், பணிக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத பெண் ஒருவர், மூன்றாவது ரேடியேட்டர் பக்கம் இரவில் கொசு பறப்பது போல் கேட்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். உணரிகளை எடுத்துச் சென்று இரண்டு மணிநேரம் தேடினோம். ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. இறுக்கினோம், ஓசை நின்றது. அதையும் அந்தக் கட்டத்தில் எழுதி, அவரையும் கையொப்பமிடச் சொன்னோம்.